கேளுங்கோ, சொல்லுறம்: கொதித்தாறின தண்ணியும் கைவிடுற இடம்

கேள்வி: என்ர மனுசன் கார்மென்ட்ஸ் வேலையா பங்களாதேஷ் போறார், டாக்காக்கு வெளியில பேக்டரி குவாட்டர்ஸிலதான் தங்கிறாராம். அங்க கிணத்துத் தண்ணியில ஆர்செனிக் இருக்காமே? ஒரு கேத்தில் குடுத்துவிட்டு, கொதிக்கவைச்சுக் குடியுங்கோ எண்டு சொன்னா காணும்தானே? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: காணாது தங்கச்சி. சின்னனில இருந்து நாங்க எல்லாத்துக்கும் கொதித்தாறின தண்ணி எண்டே பழகிட்டம், அது கிருமிக்குச் சரி, ஆனா ஆர்செனிக் கிருமி இல்லையே, அந்தக் காலத்தில பாஷாணம் எண்டு சொன்னதும் இதைத்தான். கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஆவியாகிப் போகும், இது அடியில நிண்டு இன்னும் கூடும். ருசி, மணம், நிறம் ஒண்டுமில்லை, அதால வாயில வைச்சுப் பார்த்தும் கண்டுபிடிக்கேலாது.

இதை ஆரும் கொண்டுபோய்க் கொட்டேல்ல. இமயமலைப் பக்கத்து மண்ணை ஆறுகள் ஆயிரக்கணக்கான வருசமா அள்ளிக்கொண்டு வந்து அங்க சேர்த்திருக்கு, அந்த மண்ணில இரும்புத்துருவோட ஆர்செனிக்கும் ஒட்டிக்கொண்டு இருக்கு, அடியில உக்கின இலை தழையைத் தின்னுற நுண்ணுயிரால ஒக்சிசன் முடிஞ்சு போக, துருவும் கரையும், ஒட்டியிருந்ததும் தண்ணிக்குள்ள இறங்கிடும். இதில பெரிய கொடுமை என்னெண்டா, குளத்துத் தண்ணி குடிச்சு வயித்தோட்டத்தில பிள்ளையள் சாகுதெண்டுதான் 1970கள்ல யுனிசெப்பும் அரசாங்கமும் ஊருக்கு ஊர் குழாய்க்கிணறு அடிச்சுக் குடுத்தவை, அதுக்குள்ள இது இருக்கும் எண்டு அப்ப ஆரும் பார்க்கேல்ல. மேற்கு வங்காளத்தில 1983ல கே.சி. சாஹா எண்ட தோல் டொக்டர்தான், வாற நோயாளியளின்ர உடம்பில மழைத்துளி மாதிரி புள்ளியும் உள்ளங்கை உள்ளங்காலில தடிப்பும் இருக்கிறதைக் கண்டு, கிணத்தைச் சந்தேகப்பட்டவர். பங்களாதேஷில 1993லதான் பிடிபட்டது. கன வருசம் குடிச்சா தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் எண்டு புற்றுநோய் வரைக்கும் போகும். ரெண்டு நாள் குடிச்சதுக்கு ஆரும் பயப்பிடத் தேவையில்லை.

இனி உங்கட மனுசன்ர விசயம். பக்கத்துப் பக்கத்துக் கிணறே ஒண்டு நல்லா இருக்கும் மற்றது கெட்டிருக்கும், அதால அடுத்த வீட்டுக்காரர் குடிக்கினம் எண்டது கணக்கில்லை. டாக்கா சிட்டிக்குக் கீழ இருக்கிறது பழைய மண், அங்க இந்தப் பிரச்சினை குறைவு. வெளியில எண்டா டெஸ்ட் பண்ணின ரிப்போர்ட்டைக் கேட்கச் சொல்லுங்கோ. சில ஊர்களில பம்புக்கு சிவப்பு, பச்சை பெயிண்ட் அடிச்சிருப்பினம், சிவப்பில குடிக்கவேண்டாம், பச்சை எண்டாலும் பங்களாதேஷ்காரரின்ர கணக்கு லீட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஆர்செனிக் வரைக்கும் பரவாயில்லை எண்டு, உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது 10. 150 மீட்டருக்கு மேல ஆழமான கிணறெண்டா பெரும்பாலும் பரவாயில்லை. உள்ளுக்கு மெழுகுதிரி மாதிரி பீங்கான் வடி வைச்ச சாதாரண பில்டரை நம்பவேண்டாம். சோத்துக்கு உலை வைக்கிறதும் அந்தத் தண்ணியில கூடாது, அரிசி உறிஞ்சிடும் (இதைத்தான் கனபேர் மறக்கிறது). குளிக்கிறது, உடுப்புத் தோய்க்கிறது பிரச்சினையில்லை. கேத்திலைக் குடுத்துவிடுங்கோ, தேத்தண்ணிக்கு உதவும்.

கேள்வி: அப்ப கொழும்பு பைப் தண்ணி? அநுராதபுரத்துக் கிட்னி வருத்தமும் இதாலதானா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: எங்கட பைப்பில வாறது கிணத்துத் தண்ணியே இல்லை, அம்பத்தளையில களனி ஆத்தில எடுக்கிறதும் லபுகம, களட்டுவாவ குளத்துத் தண்ணியும்தான், அதால பங்களாதேஷ் கதையை இங்க கொண்டுவரத் தேவையில்லை. கிட்னி வருத்தத்துக்கு ஆர்செனிக்கையும் சந்தேகப்பட்டவைதான், பேப்பரிலயும் பெரிசா அடிபட்டது, ஆனா அந்தப் பக்கத்துக் கிணறுகளைப் பார்க்கப் பெரும்பாலும் குறைவாத்தான் இருந்திருக்கு. இப்ப கூடப் பேசுறது தண்ணியின்ர கடினத்தன்மையும் புளோரைட்டும், வெயிலில தண்ணி குடியாம வேலை செய்யிறதும், விவசாய மருந்தும்தான். ஆர்ஓ தண்ணி (மெல்லிய சவ்வுக்கால அழுத்தி உப்புகளை வடிச்செடுத்த தண்ணி) அங்க ஊரூரா விக்கிறதும் அதாலதான்.