தௌலி, உதயகிரி போகும் குடும்பங்களுக்கு: கேள்வி பதில்

கலிங்கப் போர் நடந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டணும். புவனேஸ்வரில் எங்கே போவது?

தௌலி. நகருக்குத் தெற்கே சுமார் 8 கி.மீ. ‘இதுதான் போர்க்களம்’ என்று எல்லை கட்டிய இடம் எதுவும் அங்கே கிடையாது. குன்றிலிருந்து தெரியும் தயா ஆற்றுச் சமவெளியை மரபாகக் கை காட்டுவார்கள். பார்க்க வேண்டியது அடிவாரத்தில் உள்ள சாசனப் பாறை, அசோகரின் ஆணைகளை வெட்டிய பாறை. ஆட்டோக்காரர் நேரே உச்சிக்குப் போய் வெள்ளை ஸ்தூபி முன்னால் இறக்கிவிடுவார். “முதலில் பாறை” என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். ஸ்தூபி 1970களில் ஜப்பானியப் பௌத்தர்கள் முயற்சியில் எழுந்தது.

லட்சம் பேர் மாண்டதற்கு அசோகர் வருந்தும் வரி பாறையில் எந்தப் பக்கம் இருக்கு?

எந்தப் பக்கமும் இல்லை. 1 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், 1.5 லட்சம் பேர் பிடித்துக் கொண்டுபோகப்பட்டார்கள் என்பது, அசோகர் பல ஊர்ப் பாறைகளில் வெட்டிய 14 சாசனங்களில் 13ஆவது. உத்தராகண்டின் கால்சியிலும் பாகிஸ்தானின் ஷாபாஸ்கர்ஹியிலும் அது உண்டு. தௌலியில் 1 முதல் 10 வரை, அப்புறம் 14. நடுவில் விட்ட மூன்றுக்குப் பதிலாகக் கலிங்கத்துக்கென்றே இரண்டு தனிச் சாசனங்கள். கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும் இதே கதைதான். அடிபட்ட ஊரிலேயே அந்தக் கணக்கைச் செதுக்கி வைக்க மனம் வரவில்லை என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். தனிச் சாசனம் கலிங்கத்துத் தோசலி நகர அதிகாரிகளைப் பார்த்துப் பேசுகிறது: மனிதர் எல்லாரும் என் பிள்ளைகள், ஒருவரையும் காரணமின்றிச் சிறையில் வாட விடாதீர்கள் என்று. போரைத் தேடி வருபவருக்கு அங்கே கிடைப்பது நிர்வாக உத்தரவு. எனக்கு அதுதான் கூடுதல் சுவை.

பாறையில் இருக்கும் பிராமி எழுத்து தெரியாத பிள்ளைகளுக்குச் சலிக்காதா?

கூட்டல் குறி போல இருப்பது ‘க’. தமிழ்ப் பிராமியிலும் அதுவே. அதை எத்தனை இடத்தில் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வையுங்கள். இன்னொன்று: பாறையில் உள்ள பிராகிருத மொழியின் இந்தக் கிழக்கு வழக்கில் ‘ர’ கிடையாது, ‘ல’தான், ராஜா இங்கே ‘லாஜா’. நண்பகல் வெளிச்சத்தில் வெட்டு தட்டையாகத் தெரியும், காலையிலேயே போங்கள். எழுத்துக்கு மேலே பாறையிலிருந்து வெளியே வருகிற யானையின் முன்பாதியையும் விட்டுவிடாதீர்கள்.

ஸ்தூபியில் அசோகர் எழுத்து எங்கே இருக்கு சார்?

முதல் பதில்.

உதயகிரியின் ஹாத்திகும்பா குகைக் கல்வெட்டில் தமிழ் மன்னர் கூட்டணி 1300 வருடம் நீடித்ததாக இருக்கிறதே?

அது கலிங்க மன்னர் காரவேலரின் 17 வரிக் கல்வெட்டு. 11ஆம் வரியில் அந்தத் தொடர். ‘தேரஸ வஸ ஸத’ என்பதை 1300 என்றும் படிக்கலாம், 113 என்றும் படிக்கலாம். 113 என்பதே நடைமுறைக்கு ஒத்து வருகிறது.

1300 என்றுதான் எல்லாப் பதிவிலும் போட்டிருக்காங்க. நீங்கள் ஏன் குறைக்கிறீர்கள்?

நான் குறைக்கவில்லை, கல் தேய்ந்திருக்கிறது. தமிழரைக் குறிப்பதாகக் கொள்ளும் ‘திரமிர’ என்ற சொல்லையே ‘திமிர’ என்று படித்த அறிஞரும் உண்டு. தவிர, காரவேலர் அந்தக் கூட்டணியை உடைத்ததாகச் சொல்லிக்கொள்ளும் வரி அது. நம் பெருமைக்கு அவர் வெட்டியதல்ல. தமிழ்த் தொடர்பு வேண்டுமானால் தௌலியிலேயே 2ஆம் சாசனம் இருக்கிறது. அசோகர் மருத்துவ வசதி செய்ததாகச் சொல்லும் அண்டை நாடுகளில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர் பெயர் வரும். அந்தச் சத்தியபுத்திரர் யார் என்ற பழைய சண்டையைத் தீர்த்தது தமிழ்நாட்டு ஜம்பை ஊர்க் கல்வெட்டின் ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி’.

அப்போ 1300 பொய்யா?

மேலே இரண்டு முறை எழுதியாகிவிட்டது.

ஒரே நாளில் முடியுமா? அருங்காட்சியகமும் உண்டு.

முடியும், திங்கள் வேண்டாம்; கல்பனா சதுக்கத்து ஒடிசா மாநில அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. காலையில் தௌலி, வெயிலில் அருங்காட்சியகம் (பனையோலைச் சுவடிப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள்), மாலையில் உதயகிரி. உதயகிரி நகருக்கு மேற்கே, தௌலி இருக்கும் திசை வேறு. ஹாத்திகும்பா எழுத்து குகையின் நெற்றியில் உயரத்தில் இருப்பதால் பைனாகுலர் உதவும். முட்டிவலிக்காரர்களுக்கு இரண்டு அடுக்கு ராணி கும்பாவின் முற்றமே போதும். குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைப் பையை விட்டு எடுக்காதீர்கள்.

ஹோட்டல் எது நல்லது?

அது என் பாடமல்ல.

ஸ்தூபி அசோகர் காலத்தது என்று வழிகாட்டி சொன்னாரே?

பாறைக்குப் போனீர்களா?