லீஃப்ஸுக்கு ஒரு கான்செப்ட் ஜெர்சி: முதுகிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: டொராண்டோவில் கிராஃபிக் டிசைன் படிக்கிறேன். மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணிக்கு என் ஆசைக்கு ஒரு கான்செப்ட் ஜெர்சி வரைந்தேன். கறுப்பு உடல், அடர்நீல எண்கள், மேப்பிள் இலைக்குள் ஊரின் சி.என். டவர் கோபுரம், நீலத்திலிருந்து கறுப்புக்கு மெல்ல மாறும் நிறக்கலவை. "அழகா இருக்கு, ஆனா ஜெர்சி மாதிரி இல்லை, போஸ்டர் மாதிரி இருக்கு" என்கிறார்கள் நண்பர்கள். எதை மாற்றுவது? இதை அச்சடித்து விற்கலாமா? அணிக்கு அனுப்பினால் பார்ப்பார்களா?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. நீங்கள் மார்புச் சின்னத்திலிருந்து தொடங்கிவிட்டீர்கள். கான்செப்ட் வரைகிற பலரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். ஆட்டக்காரர் பனித்தளத்தில் பெரும்பாலும் முன்னால் குனிந்தபடி சறுக்குவார். அப்போது மார்புச் சின்னம் மடிந்து பாதி மறைந்துவிடும். அரங்கின் மேல் வரிசையில் இருப்பவருக்குத் தெரிவது நிறம், பட்டைகள், முதுகு எண். அதனால் முதலில் பின்பக்கத்தை வரையுங்கள். பின்னணிக்கு வெள்ளையை வையுங்கள், ஏனென்றால் பனி வெள்ளை.

முதுகு எண் குறைந்தது 10 அங்குல உயரம், பெயர் 3 அங்குல உயரம் என்பது லீஃப்ஸ் ஆடும் வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இன் விதி. பெயர் போடுவது 1977-78 சீசனில் கட்டாயமானது. அன்றைய லீஃப்ஸ் உரிமையாளர் ஹெரால்ட் பாலார்டுக்கு அது பிடிக்கவில்லை. பெயர் முதுகிலேயே இருந்தால் அரங்கில் விற்கும் ஆட்டக் கையேட்டை யார் வாங்குவார்கள் என்பது அவர் கவலை. அபராதம் போடுவோம் என்று லீக் மிரட்டியதும், 1978 பிப்ரவரியில் சிகாகோவில் நடந்த ஆட்டத்துக்கு நீல ஜெர்சியில் அதே நீலத்தில் பெயர்களைத் தைத்து அனுப்பினார். பெயர் இருந்தது, படிக்கத்தான் முடியவில்லை. உங்கள் கறுப்பு உடலில் அடர்நீல எண்ணுக்கும் இதே கதிதான். வெள்ளை எண்ணாக மாற்றுங்கள்.

அடுத்தது பட்டைகள். கையுறை மணிக்கட்டுக்கு மேலேயும் ஏறி மூடும். எனவே சட்டைக்கையின் நுனியில் போடும் பட்டை ஆட்டத்தில் காணாமல் போகும். முழங்கைக்கும் கையுறைக்கும் நடுவே போடுங்கள். காலுறை, கால்சட்டை, ஹெல்மெட் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக வரையுங்கள். சட்டைக்கைப் பட்டையும் காலுறைப் பட்டையும் ஒன்றுக்கொன்று பதில் சொன்னால்தான் சீருடை ஆகும்.

நிறத்துக்கு வருகிறேன். லீஃப்ஸுக்கு 1927-28 சீசனிலிருந்து நீலமும் வெள்ளையும்தான். கறுப்பு போடவே கூடாது என்றில்லை. 2022-ல் பாடகர் ஜஸ்டின் பீபரின் ஆடை நிறுவனமான ட்ரூ ஹவுஸோடு சேர்ந்து அணியே கறுப்பு ஜெர்சி ஒன்றைக் கொண்டுவந்தது. இருந்தாலும் நானாக இருந்தால் கறுப்பை எடுத்துவிடுவேன். இரண்டே நிறத்தில் புதிதாக ஒன்றைச் சொல்வதுதான் இந்த அணியில் உண்மையான சவால். அதே லீக்கின் டாம்பா பே லைட்னிங் அணி 2011-ல் நீலம், வெள்ளை என்று எளிமையாக்கிக்கொண்டபோது, இது டொராண்டோ மாதிரியே இருக்கிறதே என்று பலர் சொன்னார்கள். நிறம் ஒன்றாகிவிட்டால் பட்டையின் தடிமன், இடைவெளி, காலரின் வெட்டு ஆகியவைதான் ஓர் அணியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும். உங்கள் நேரத்தை அங்கே செலவழியுங்கள்.

இப்போது சின்னம். 2016-ல் வந்த லீஃப்ஸ் இலையில் 31 முனைகள் உண்டு. காரணம், அணியின் பழைய அரங்கமான மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் திறந்தது 1931-ல். நரம்புகள் 17, அணி பிறந்தது 1917-ல். அவற்றில் மேல்பகுதியில் இருக்கும் 13 நரம்புகள் அணி வென்ற 13 ஸ்டான்லி கோப்பைகளுக்கு, அதாவது லீக் சாம்பியன் பட்டங்களுக்கு. இத்தனை கணக்கு உள்ளே இருந்தும், எதுவும் தெரியாதவர் கண்ணுக்கு அது வெறும் இலை. அந்த இடத்தில்தான் உங்கள் டவர் இடறுகிறது: இலைக்குள் இன்னொரு படத்தை ஒட்டியிருக்கிறீர்கள்.

இரண்டு எண்ணங்களை ஒரே சின்னத்தில் சேர்க்க முடியாதா என்றால், தாராளமாக முடியும். ஹார்ட்ஃபோர்டு வேலர்ஸ் (‘திமிங்கில வேட்டைக்காரர்கள்’) அணிக்காகப் பீட்டர் குட் 1979-ல் வரைந்ததை எடுத்து வைத்துப் பாருங்கள். கீழே ‘டபிள்யூ’, மேலே திமிங்கிலத்தின் வால், இரண்டுக்கும் நடுவில் விட்ட வெற்றிடமே ஹார்ட்ஃபோர்டின் ‘எச்’. அந்த ‘எச்’சுக்கென்று தனியாக ஒரு கோடுகூட இல்லை. அணி 1997-ல் கரோலைனாவுக்குப் போய்விட்டது. அந்தச் சின்னத்தை ரசிகர்கள் இன்னும் விரும்பி அணிகிறார்கள். உங்கள் டவரும் இலையின் நடுநரம்பிலிருந்தோ காம்பிலிருந்தோ தானாக எழ வேண்டும். எழவில்லையா, தோள் பேட்ச்சுக்கு மாற்றுங்கள். சியாட்டில் கிராக்கன் அப்படித்தான் செய்தது: மார்பில் ‘எஸ்’, தோளில் நங்கூரம், அந்த நங்கூரத்தின் தண்டாக ஊரின் ஸ்பேஸ் நீடில் கோபுரம்.

நிறக்கலவையை விட்டுவிடுங்கள். மார்புச் சின்னம் பெரும்பாலும் துணியை அடுக்கடுக்காக வெட்டித் தைப்பது. மெல்ல மாறும் நிறத்தைத் தைக்க முடியாது, மயிரிழைக் கோடுகளும் தையலில் அடைபட்டுப் போகும். முதலில் கறுப்பு வெள்ளையில் வரைந்து, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் அடையாளம் தெரிந்தால் நிறம் போடலாம்.

விற்கலாமா என்றால், கூடாது. இலை, அணியின் பெயர், லீக்கின் கேடயச் சின்னம் எல்லாமே பதிவுபெற்ற வணிகச்சின்னங்கள். ‘அதிகாரபூர்வமற்றது’ என்று சிறிய எழுத்தில் போட்டாலோ, இலையை நீங்களே புதிதாக வரைந்தாலோ தப்பிவிடலாம் என்ற நம்பிக்கை வேண்டாம். பணமும் சட்டபலமும் உள்ள அணிகளையே இந்த விஷயம் தடுக்கும். என்.எச்.எல்.-இன் யூட்டா அணி தன் நிரந்தரப் பெயருக்காக ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது ‘யெட்டி’யும் முன்னணியில் இருந்தது. அமெரிக்க வணிகச்சின்ன அலுவலகம் அதை ஏற்கவில்லை, அதே பெயரில் குளிர்பெட்டி விற்கும் நிறுவனத்தோடும் உடன்பாடு ஏற்படவில்லை. 2025-ல் ‘மாமத்’ என்று பெயர் வைத்தார்கள்.

அணிக்கு அனுப்புவதில் பெரிய பலன் இருக்காது. கேட்காமல் வரும் யோசனைகளைத் தொழில்முறை அணிகள் பொதுவாகத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பின்னால் "என் வடிவத்தை எடுத்துவிட்டார்கள்" என்று வழக்கு வரும் என்ற பயம். நடக்கவே நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். ஒட்டாவா செனட்டர்ஸ் 2011-ல் கொண்டுவந்த மூன்றாவது ஜெர்சி (வழக்கமான இரண்டோடு சில ஆட்டங்களுக்கு மட்டும் அணிவது), பக்கத்துக் காட்டினோ நகரத்து ரசிகர் ஒருவரோடு சேர்ந்து அணி உருவாக்கியது. அதே ஊரில் அதே பெயரில் முன்பு இருந்த பழைய செனட்டர்ஸ் அணியின் குறுக்குப் பட்டைகளிலிருந்து எழுந்த வடிவம் அது. ஊரின் ஹாக்கி வரலாற்றைப் படித்தவர் செய்த வேலை என்பது பார்த்தாலே தெரியும்.

லீஃப்ஸ் வடிவத்தை உங்கள் வேலைத் தொகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், ‘கான்செப்ட்’ என்று தெளிவாக எழுதி, ஆரம்பக் கிறுக்கல்களையும் சேர்த்து. வேலை தருபவர்கள் அதைத்தான் ஆர்வமாகப் பார்ப்பார்கள். சம்பாதிக்க வேண்டும் என்றால் உங்கள் பகுதியின் சிறுவர் ஹாக்கி சங்கம், பல்கலைக்கழகக் குழு, வார இறுதியில் ஆடும் பெரியவர்கள் அணி ஆகியோரைக் கேளுங்கள். அவர்களுக்கு ஜெர்சி தேவை, வரைந்து தர ஆள் குறைவு. வடிவம் யாருக்குச் சொந்தம், எத்தனை திருத்தம் வரை செய்து தருவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு வரையத் தொடங்குங்கள்.