‘பட்’ என்றது குதிகால்: வாசகர் கேள்விகளுக்கு எலும்பு டாக்டரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கணுக்காலும் பாதமும்தான். நேராகக் கேள்விகளுக்குப் போய்விடலாம்.

ஷட்டில் ஆடும்போது பின்னாலிருந்து யாரோ குதிகாலில் பேட்டால் அடித்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை. குதிகால் நரம்பு அறுந்துவிட்டது, உடனே ஆபரேஷன் என்கிறார் ஒரு டாக்டர். கட்டுப் போட்டாலே சேர்ந்துவிடும் என்கிறார் இன்னொருவர். யாரை நம்ப? (வாசகர், வயது 41, கோவை)

இரண்டு பேரையுமே நம்பலாம், அதுதான் சிக்கல்.

முதலில் ஒன்று, எல்லாரும் நரம்பு என்றுதான் சொல்கிறோம், ஆனால் அறுந்தது நரம்பு இல்லை, கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாண். குப்புறப் படுக்கச் சொல்லி கெண்டைச் சதையை அமுக்குவோம். பாதம் கீழ்நோக்கி அசையாவிட்டால் நாண் அறுந்திருக்கிறது என்று அநேகமாக முடிவாகிவிடும். யாரோ அடித்ததுபோல் இருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதை இந்த அடிபட்டு வருகிற முக்கால்வாசிப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நார்வேயில் செய்த ஒரு பெரிய ஆய்வு 2022-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. அதில் 526 பேரின் முடிவுகளைக் கணக்கிட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஆபரேஷனே இல்லை, ஒரு பிரிவுக்கு வழக்கமான திறந்த ஆபரேஷன், மூன்றாம் பிரிவுக்குச் சின்ன வெட்டில் தையல். ஒரு வருடம் கழித்து நடை, ஓட்டம், வலி எல்லாவற்றையும் கேட்டு மதிப்பெண் போட்டுப் பார்த்தால் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. ஆபரேஷன் செய்யாதவர்களில் 6.2 சதவீதம் பேருக்கு நாண் மறுபடி அறுந்தது; ஆபரேஷன் செய்த இரு பிரிவிலும் அது 0.6 சதவீதம்தான். சரி, அப்போ ஆபரேஷனே மேல் என்கிறீர்களா, பொறுங்கள். நிஜமான நரம்பு அடிபட்டது சின்ன வெட்டுப் பிரிவில் 5.2 சதவீதம், திறந்த ஆபரேஷனில் 2.8, சும்மா கட்டுப் போட்டவர்களில் 0.6. சின்ன வெட்டு என்றால் சின்ன ஆபத்து என்று நினைக்கிறோம் அல்லவா, இந்த நரம்பு விஷயத்தில் அது நேர்மாறு.

ஆக, மறுபடி அறுந்துவிடுமோ என்ற பயம் உங்களுக்குப் பெரிதா, தையல் புண்ணும் மரத்துப்போகிற பாதமும் பெரிதா என்பதுதான் கேள்வி. சிகரெட், சர்க்கரை இரண்டும் இருந்தால் நான் கத்தியை எடுக்கத் தயங்குவேன், குதிகால் பின்புறம் தோல் மெல்லிசு, புண் ஆறாமல் படுத்தும். எது செய்தாலும் முதல் சில நாளுக்குள் செய்ய வேண்டும். கட்டுப் போடுவதென்றால் பாதத்தைக் கீழே சாய்த்து, அறுந்த முனைகள் நெருங்கும்படி போட வேண்டும். ஒன்றரை மாதம் எண்ணெய் போட்டு நீவிவிட்டு அப்புறம் வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

இன்னொன்று, ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவானால் மாவுக்கட்டுதான் என்றில்லை. பிரிட்டனில் 540 பேரிடம் மாவுக்கட்டையும், போட்டுக்கொண்டு காலை ஊன்றி நடக்கிற பிரேஸையும் ஒப்பிட்டார்கள். ஒன்பது மாதத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று 2020-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எனக்கென்றால் நடக்கவிடுகிற பிரேஸைத்தான் கேட்பேன்.

அம்மாவுக்கு 58 வயது. பாத்ரூமில் வழுக்கி கணுக்கால் எலும்பு உடைந்து பிளேட், ஸ்க்ரூ வைத்து மூன்று வாரம் ஆகிறது. ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது என்கிறார் டாக்டர். லண்டனில் இருக்கும் என் நாத்தனாருக்கு இரண்டே வாரத்தில் நடக்கச் சொன்னார்களாம். இது ஏன்? (வாசகி, நாமக்கல்)

உங்கள் நாத்தனார் சொல்வது நிஜமாக இருக்கலாம். பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 561 பேரை வைத்து இதையேதான் பார்த்தார்கள், 2024-ல் லான்செட்டில் வந்தது. ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரத்தில் ஊன்றச் சொன்னவர்கள் ஆறு வாரம் காத்திருந்தவர்களைவிட எந்த விதத்திலும் மோசமாகவில்லை, சிக்கல்களும் அதிகமாகவில்லை. ஆறு வாரம் என்பது பல காலமாகப் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த எண், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை, பாதம் மதமதவென்று இருக்கும் என்று கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதுதான் முதல் வரியில் வந்திருக்க வேண்டும்! வலி தெரியாத காலில் ஸ்க்ரூ நகர்ந்தாலும் தெரியாது. உங்கள் டாக்டர் அதனால்தான் நிறுத்தி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அந்தக் காரணம் இல்லை, எலும்பும் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றால் ‘இப்போதே வாக்கர் பிடித்து ஊன்றலாமா சார்’ என்று தாராளமாகக் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

பையனுக்குக் கபடியில் கரண்டை பிசகிவிட்டது, வீக்கம் அதிகம். எக்ஸ்ரே எடுக்கணுமா, சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப்போகலாமா என்று வீட்டில் சண்டை. (வாசகர், திருநெல்வேலி)

வீக்கத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கனடாவில் 1992-ல் வகுத்த ஒட்டாவா விதி என்று ஒன்று உண்டு, இன்றைக்கும் நாங்கள் பார்ப்பது அதைத்தான். அடிபட்ட உடனேயும் அப்புறம் டாக்டரிடம் வந்தபோதும், நொண்டியாவது நாலு அடி வைக்க முடிந்ததா? கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடிப்பகுதி, உள்பக்க வளைவின் மேட்டு எலும்பு, அங்கே? நடக்க முடியவில்லை என்றாலோ இதில் ஓர் இடம் வலித்தாலோ எக்ஸ்ரே. எதுவும் இல்லையென்றால் எலும்பு உடைந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, காசை மிச்சம் பிடிக்கலாம்.

வழிப்பதைப் பற்றி: புளியும் உப்பும் காய்ச்சிப் பத்துப் போடுங்கள், எனக்குச் சண்டை இல்லை. எலும்பு உடையவில்லை என்று தெரிவதற்கு முன்னால் இழுத்து முறுக்கி எடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். புத்தூர் கட்டும் அப்படியே, இறுக்கிக் கட்டி விரல் நீலம் பாய்ந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீக்கம் வடிந்த பிறகுதான் நிஜமான வேலை. ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகும் பயிற்சி. நெதர்லாந்தில் சுளுக்கு ஏற்பட்ட 522 விளையாட்டு வீரர்களில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் வீட்டிலேயே இதைச் செய்யக் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் மறுபடி சுளுக்கியது அவர்களில் 22 சதவீதம், மற்றவர்களில் 33 சதவீதம். செலவே இல்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

அப்பாவுக்கு 67. பழைய விபத்தில் கணுக்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. சொந்த ரத்தத்தை எடுத்துச் சுழற்றிப் போடும் பிஆர்பி ஊசியில் சரியாகுமா? (வாசகி, சேலம்)

நெதர்லாந்தில் கணுக்கால் தேய்ந்த 100 பேருக்கு, பாதிப் பேருக்கு அந்த ஊசியும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே பலன் (2021). அந்தப் பணத்துக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள். வலி தாங்க முடியாமல் போனால் மூட்டு எலும்புகளை அசையாதபடி இணைத்துவிடுவதா, செயற்கை மூட்டா என்று பேசலாம். பிரிட்டனில் 303 பேரிடம் ஒப்பிட்டதில் ஒரு வருடத்தில் நடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. செயற்கை மூட்டில் தையல் புண் தகராறு அதிகம், இணைத்ததில் சிலருக்கு எலும்பு சேராமல் போயிற்று.

சர்க்கரை நோயால் உள்ளங்காலில் புண், ஆறு மாதமாக ஆறவில்லை. தினமும் கட்டு மாற்றுகிறேன். (வாசகர், வேலூர்)

கட்டு மாற்றுகிறீர்கள், சரி, அதே புண்ணை மிதித்துக்கொண்டே தானே நடக்கிறீர்கள்? உணர்ச்சி இல்லாத காலில் புண்ணை ஆறவிடாமல் வைப்பதில் மிதிக்கிற அழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இதை உலகத்துக்கு விளக்கியவர்களில் ஒருவர் உங்கள் ஊரில்தான் வேலை பார்த்தார். வேலூர் சிஎம்சிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் புண்ணுக்கு வலி இல்லாமையே காரணம் என்று கண்டவர். பாதத்தோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டு அழுத்தத்தை உள்ளங்கால் முழுக்கப் பரப்பிவிடும், புண் ஆறும். பிறகு அவர் அமெரிக்கா போனபோது அந்த முறையும் கூடப் போய், சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்பட்டது.

2001-ல் அமெரிக்காவில் 63 பேரை வைத்துப் பார்த்தபோது 12 வாரத்தில் இந்தக் கட்டில் சுமார் 90 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது, கழற்றி மாட்டக்கூடிய பூட்ஸில் 65 சதவீதம்தான். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுகிறோம், வீட்டுக்குள் நாலு எட்டுதானே என்று. கட்டுப் போடும் முன் காலில் ரத்த ஓட்டத்தையும் சீழ் இருக்கிறதா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும், இரண்டில் எது மோசமென்றாலும் இந்தக் கட்டு கூடாது. இந்த வாரமே பாதப் பிரிவு இருக்கிற மருத்துவமனையாகப் பார்த்துப் போங்கள், பழைய கட்டுத்துணியோடு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.