மயில் அச்சு பிசுபிசுப்பது கையுறையால்தான் இருக்கும்

இரண்டு நிறச் சிலிக்கோன் களியைக் கலந்து பிசைந்து, மயில் பொம்மையில் எடுத்த அச்சு மறுநாளும் பிசுபிசுக்கிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு ராத்திரி முழுக்க வைத்தும் பிசுபிசுக்கிற அச்சு இனி இறுகாது. அந்த அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பிசையுங்கள்.

இரண்டு களியும் சம அளவு, கையுறை போட்டுத்தான் பிசைந்தேன் என்கிறீர்கள். நம் தோட்டப்புறக் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது பால்மரப் பாலில் செய்த லேடெக்ஸ் கையுறை. அதில் கந்தகம் இருக்கும். பிளாட்டினம் வகை (பிளாட்டினம் சேர்த்து இறுகவைக்கிற) சிலிக்கோன் களியை அது இறுகவே விடாது.

சந்தேகம் தீர இப்படிப் பாருங்கள்:

1. இரண்டு நிறத்திலும் கடலை அளவு எடுத்து, சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த வெறுங்கையால், நிறக்கோடு மறையும்வரை பிசையுங்கள். ஒரு நிமிடம் போதும். நம் வெக்கையில் களி சீக்கிரம் இறுகும்.

2. இன்னொரு உருண்டையை அந்தக் கையுறையோடு பிசையுங்கள்.

3. அரை மணி கழித்து நகத்தால் அழுத்துங்கள். இறுகியதில் தடம் நிற்காது, உடனே மேலெழும்பும்.

வெறுங்கை உருண்டையும் இறுகாவிட்டால் களியே பழசாக இருக்கலாம். கையுறை வேண்டுமென்றால் வினைல் வாங்குங்கள்.

ஒன்று கவனம்: அச்சு எடுக்கிற மூல மயில் பொம்மை ரப்பரிலோ கந்தகம் கலந்த களிமண்ணிலோ செய்ததென்றால், கை சுத்தமாக இருந்தாலும் அதைத் தொடும் பக்கம் ஒட்டும்.