அத்தை சிரிக்கிறார், மகள் முறைக்கிறாள்

கேள்வி: அக்கா, எங்களுக்குப் பாம்பன். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இப்போது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டோடு இருக்கிறார். சாயங்காலம் வாசல் பந்தலில் உட்கார்ந்து நான் கதை படிப்பேன். மாமியார், மகள், மைனி, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் கேட்பார்கள். கிளை நூலகத்திலிருந்து இந்திரா சௌந்தர்ராஜனின் அமானுஷ்ய மர்ம நாவல் ஒன்றை எடுத்து வந்தேன். அன்றைக்குப் பிடித்தது சண்டை. பிளஸ் ஒன் படிக்கும் மகள், "இதெல்லாம் மூடநம்பிக்கை, குப்பை" என்கிறாள். மைனியோ, "அவர மாதிரி எழுத ஆளே கிடையாது, அதுல வர்றதெல்லாம் நடந்ததுதான்" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, "எங்க வேதத்துக்கு இது ஆகாதும்மா" என்று வருவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரர், "நீ பாட்டுக்குப் படிச்சுட்டுப் போயிருவ, ராத்திரி வலை விடும்போது எனக்குல்ல கிலி புடிக்கும்" என்கிறார். எழுபது தாண்டிய என் மாமியார் மட்டும் சிரித்துக்கொண்டே "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்கிறார். அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர். ஒரே ஒரு நாள், போனில் யாரோ தனுஷ்கோடியைப் "பேய் நகரம்" என்று சொன்ன வீடியோ ஓடியபோது எழுந்து உள்ளே போய்விட்டார். யார் சொல்வது சரி அக்கா? இந்த எழுத்தாளரை எனக்குப் பிடிப்பது அறிவில்லாத்தனமா? படிப்பதை நிறுத்திவிடவா?

- பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: அன்புத் தங்கச்சி, நிறுத்த வேண்டாம். மற்றதை எல்லாம் பிறகு பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கும் வீடுகள் எனக்குத் தெரிந்து குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் பந்தலில் அது நடக்கிறது. ஒரு நாவலுக்காக வீட்டில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள் என்றால், எல்லாரும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

எனக்குச் சொந்த ஊர் தேவிப்பட்டினம். தொண்ணூறுகளின் பிற்பாதியில் சன் டிவியில் 'மர்ம தேசம்' தொடர் வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். எங்கள் தெருவில் டிவி இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்கு அந்த வீடுகளின் வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். அதில் 'ரகசியம்' என்ற கதையில் நவபாஷாண லிங்கம் வரும். கேட்க வேண்டுமா? கடலுக்குள் ஒன்பது கல் நிற்கிற ஊர் எங்களுடையது. ராமர் நட்டுவைத்து நவக்கிரகங்களைக் கும்பிட்டார் என்று சொல்லும் அந்த இடத்துக்கும் பெயர் நவபாஷாணம்தான். கதை நம்ம ஊரைப் பற்றியது என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. ஒரு கிழவி அந்தக் கல்லைத் தொடக் கூடாது என்று எங்களைத் துரத்தினாள். என் அப்பாதான் ஒரு நாள் எங்களை உட்காரவைத்து, பாஷாணம் என்றால் கல் என்றும் பொருள் உண்டு, நஞ்சு என்றும் பொருள் உண்டு; நம்ம ஊரில் நிற்பது கல், கதையில் வருவது சித்தர்கள் ஒன்பது நஞ்சைக் கட்டிச் செய்ததாகச் சொல்லும் மருந்துச் சிலை, இரண்டும் வேறு வேறு என்று விளக்கினார். எனக்கு அன்றைக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் மறு வாரமும் அதே இடத்தில், அதே பயத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். விஷயம் தெரிந்ததால் கதையின் சுவை ஒரு துளியும் குறையவில்லை.

உங்கள் மைனிக்குச் சொல்ல வேண்டியது இதுதான். இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பர் 10 அன்று காலமானார். ஆன்மிகச் சொற்பொழிவும் செய்தவர். மேடையில் கேட்ட அதே குரல் நாவலிலும் கேட்பதால், கற்பனையையும் சிலர் தகவலாக எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல கதைசொல்லிக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. "நடந்ததுதான்" என்று மைனி சொல்லும்போது சண்டைக்குப் போகாதீர்கள். "எந்த ஊர்ல, எப்ப நடந்தது மைனி?" என்று மட்டும் கேளுங்கள். ரசிப்பதற்கு அது நடந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று அவருக்கே புரியும்.

மகளின் பேச்சை மட்டும் லேசாகத் தள்ளிவிடாதீர்கள். நம்ம கடற்கரையில் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. பேய் பிடித்தது, காற்று கருப்பு அண்டியது என்று கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தார்கள். விடிகாலையில் தீப்பிடித்தது. ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, இப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. மன நோயைப் பேய் என்று சொல்வதால் என்ன ஆகும் என்பதை நம்ம மாவட்டம் எரிந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. உங்கள் மகள் இதைப் படித்திருக்கலாம், டீச்சர் சொல்லிக் கேட்டிருக்கலாம். அவள் கோபம் எனக்கும் உண்டு.

ஆனால் அவளிடம் ஒன்று சொல்லுங்கள். அதே 'மர்ம தேச'த்தில் அடுத்து வந்த 'விடாது கருப்பு' என்ற கதை, கருப்பசாமி தண்டிக்கிறார் என்று ஊரே நடுங்கும் இடத்தில் மனநோயைக் கொண்டுவந்து வைத்தது. ஒரே மனசு இரண்டாகப் பிரிந்து வேறொரு ஆளாகவும் வாழும் என்பதை, டாக்டர் வீட்டுப் பக்கமே போகாத பல பேர் அந்தக் கதையில்தான் முதன்முதலில் கேட்டார்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டாலே தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்ட பிள்ளை நான். கொல்லைப்பக்கம் போக அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டு, அவர் கை விளக்கோடு நிற்க, "அங்கயே நில்லு, போயிராத" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் குரல் கொடுப்பேன். பயப்படுத்தியதும் அந்தக் கதைதான். அது பேயாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்க வைத்ததும் அதே கதைதான்.

அவர் கதைகளில் பெரும்பாலும் இரண்டு கதவு திறந்தே இருக்கும். ஒன்றின் வழியாகச் சாமி வந்திருக்கலாம், இன்னொன்றின் வழியாக மனுஷன் வந்திருக்கலாம். மகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, மனுஷன் கை தெரியும் இடங்களை எல்லாம் குறித்துவைக்கச் சொல்லுங்கள். யார் பொய் சொல்கிறார், யாருக்கு ஆதாயம், யார் அன்றைக்கு ஊரில் இல்லை. மூடநம்பிக்கை என்று எழுந்து போகிறவளைவிட, நோட்டோடு உட்கார்ந்து எழுத்தாளரை மடக்கப் பார்க்கிறவள் நல்ல வாசகி. சில இடங்களில் அவள் ஜெயிக்கவும் செய்வாள்.

பேய்க்கதை என்பதாலேயே குப்பை என்றால், புதுமைப்பித்தனையும் குப்பையில் போட வேண்டிவரும். 1943இல் வெளிவந்த அவருடைய 'காஞ்சனை'யை அவளிடம் கொடுங்கள். தூக்கம் வராத ஒரு எழுத்தாளன், ராத்திரியில் எங்கிருந்தோ வரும் ஒரு வாடை, வீட்டுக்கு வேலைக்கு வந்த ஒரு பெண். அவ்வளவுதான். தமிழ்ச் சிறுகதையின் தலைமகன்களில் ஒருவர் எழுதியது. கடைசி வரை அது பேயா, அவன் மனசா என்று சொல்லமாட்டார். அதைப் படித்துவிட்டு அவள் வரட்டும், அப்புறம் இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பேசலாம்.

அப்படி ஒப்பிட்டால் இந்திரா சௌந்தர்ராஜனின் குறைகளும் தெரியும். அதை மறைத்து நான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல விரும்பவில்லை. வாரப் பத்திரிகைத் தொடர்களிலும் மாத நாவல்களிலும் வளர்ந்த எழுத்து அது. ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சில் நிறுத்தியாக வேண்டும். வாரத்துக்கு ஒன்று என்று படித்தபோது அந்த முடிச்சு நம்மை அடுத்த வெள்ளிக்கிழமை வரை இழுத்தது. மொத்தமாகப் புத்தகமாகப் படிக்கும்போது சில முடிச்சுகள் தேவையில்லாமல் போட்டதாகத் தெரிகின்றன. சித்தர், மூலிகை, ஜோதிடம் என்று யாராவது ஒரு பாத்திரம் பக்கம் பக்கமாக விளக்கம் சொல்லும். வாய்விட்டுப் படிக்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும். உங்கள் நாக்கு அந்த இடத்தில் வேகமெடுத்திருக்கும். முன்பாதியில் இறுக்கிக் கட்டியதைக் கடைசியில் அவசரமாக அவிழ்ப்பதும் உண்டு. இத்தனைக்கும் பிறகு, ஒரு கோயில் மதிலை, அந்தி மயங்கும் நேரத்தை, ஊர் வழக்கு ஒன்றை நாலு வரியில் கண்முன் நிறுத்தி, அடுத்த பக்கம் திருப்ப வைக்கும் கை அவருக்கு இருந்தது. அந்தக் கை எல்லா எழுத்தாளருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும்.

இந்தச் சண்டை உங்கள் பந்தலில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் ஸ்டீபன் கிங் என்று ஒருவர். திகில் நாவல் என்றாலே உலகம் அவர் பெயரைத்தான் சொல்லும். அவர் எழுதத் தொடங்கிய ஒரு கதை சரியில்லை என்று அவரே குப்பைக் கூடையில் போட்டுவிட்டார். மனைவி அதை எடுத்துத் தட்டிப் படித்துப் பார்த்து, தொடர்ந்து எழுதச் சொன்னார். 1974இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் அதுதான். 2003இல் அந்த நாட்டின் தேசியப் புத்தக அறக்கட்டளை அவருக்குப் பெரிய பதக்கம் ஒன்றைக் கொடுத்தபோது, ஹெரால்ட் ப்ளூம் என்ற பேர்பெற்ற விமர்சகர் இவருக்கா இந்த மரியாதை என்று காட்டமாக எழுதினார். கோடிக்கணக்கான வாசகர்கள் ஒரு பக்கம், பேராசிரியர் ஒரு பக்கம். அங்கேயும் இன்னும் முடிவாகவில்லை. அதனால் உங்களுக்குப் பிடித்திருப்பதை அறிவில்லாத்தனம் என்று யார் சொன்னாலும் தலையைக் குனியாதீர்கள்.

பக்கத்து வீட்டு அக்காவை வற்புறுத்த வேண்டாம். அவருக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை, அவ்வளவுதான். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வேறு கதை படியுங்கள். அவர் உட்காரும் பாயை அன்றைக்கும் அதே இடத்தில் விரித்து, நீங்களே போய்க் கூப்பிடுங்கள்.

வீட்டுக்காரர் விஷயத்தில் நான் முழுக்க அவர் பக்கம். கரையில் கதை கேட்கிறவர்களுக்குப் பயம் புத்தகத்தை மூடினால் முடிந்துவிடும். ராத்திரி இருட்டில் வலை விடுகிறவருக்கு அப்படி இல்லை. காற்று திரும்பலாம், இஞ்சின் நின்றுபோகலாம், எல்லை என்று சொல்லி அந்தப் பக்கத்து ரோந்துப் படகு வரலாம். உண்மையான பயம் அவ்வளவு இருக்கும்போது இன்னொன்றை அவர் தலையில் ஏற்ற வேண்டாம். ஏப்ரல் 15இல் தொடங்கிய 61 நாள் தடை ஜூன் 14 ராத்திரியோடு முடிகிறது. அதற்குள் அந்த நாவலை முடித்துவிடுங்கள். கடைசி அத்தியாயத்தை அவர் இருக்கும்போதே படியுங்கள். பாதியில் விட்ட பேய்தான் கடலுக்குக் கூடவரும், முடிச்சு அவிழ்ந்த பேய் வராது. தொழில் தொடங்கிய பிறகு, அவர் கரையில் இருக்கும் நாட்களில் வேறு ஏதாவது படிக்கலாம்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அத்தையைப் பற்றிய வரிகளைத்தான்.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டபோது அவருக்குப் பத்து வயதுக்குள்தான் இருந்திருக்கும். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் ஸ்டேஷனை எட்டுவதற்குள் அலையில் போனது. அதில் இருந்தவர்கள் மட்டுமே நூறு பேருக்கு மேல். ஊரில் போனவர்கள் எத்தனையோ. பிறகு அரசாங்கம் அது மனிதர் வாழத் தகுந்த இடமில்லை என்று அறிவித்துவிட்டது. அந்த ராத்திரியைப் பார்த்த பிள்ளைக்கு, ஒரு நாவலில் கதவு தானாகத் திறப்பது என்ன செய்துவிடும்? அவர் சிரிப்பது கதையை மதிக்காமல் அல்ல என்று நினைக்கிறேன். இந்தப் பயத்துக்கு ஒரு கடைசிப் பக்கம் இருக்கிறது. பயந்து முடித்ததும் எழுந்து போய்ச் சோறு போட்டுச் சாப்பிடலாம். அப்படிப்பட்ட பயம் அவருக்கு ஒரு விளையாட்டு. அதனால்தான் "அப்புறம்?" என்று கேட்கிறார்.

ஆனால் "பேய் நகரம்" என்ற சொல் வேறு. 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு போட்ட பிறகு வண்டி வண்டியாக ஆட்கள் வருகிறார்கள். இடிந்த சர்ச்சின் முன்னால் நின்று, அடிக்குரலில் பேசிப் படம் எடுக்கிறார்கள். அவர்கள் பேய் என்று சொல்வது யாரை? அத்தையின் பெரியப்பாவாக இருக்கலாம், கூடப் படித்த பிள்ளையாக இருக்கலாம். அங்கே இன்றைக்கும் குடிசை போட்டு மீன் பிடித்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்துத்தான் அந்தச் சொல் பேயாக்குகிறது. எழுத்தாளர் கற்பனையில் கட்டிய ஊரில் எத்தனை பேய் வேண்டுமானாலும் உலவட்டும். செத்தவர்கள் பெயர் இன்னும் வீட்டில் சொல்லப்படும் ஊரை அப்படிச் சொல்லக் கூடாது. அத்தை எழுந்து போனது நியாயம். அந்த வீடியோவை வீட்டில் இனிப் போடாதீர்கள். அத்தை ஏன் எழுந்து போனார் என்று உங்கள் மகளிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கதை படித்து முடித்த ஒரு சாயங்காலம், எல்லாரும் கலைந்த பிறகு, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஊரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். புயலைப் பற்றிக் கேட்க வேண்டாம். அதற்கு முந்தின நாட்களைக் கேளுங்கள். வீடு ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம், தலைமன்னார் போகும் கப்பலைப் பார்க்க எங்கே நிற்பார்கள், தண்ணீர் எங்கே எடுப்பார்கள், பள்ளிக்கூடத்து மணி எப்படி இருக்கும். அவராகச் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சொன்னால், மகளின் அந்த நோட்டில் இன்னும் பக்கம் மிச்சம் இருக்கும். அதில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அத்தை சம்மதித்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், தங்கச்சி.