கோத்தகிரி கேரட் தோட்டத்தில் பன்றித் தொல்லை: காவலுக்கும் வேட்டைக்கும் முதல் ரிவால்வர் எது வாங்கலாம்?

வேட்டையை மறந்துவிடுங்கள் நண்பரே. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

லைசென்ஸில் நம்மவர்கள் வாங்குவது பெரும்பாலும் .32 ரிவால்வர். அந்தக் குண்டு காட்டுப்பன்றியைச் சட்டென்று வீழ்த்தாது, காயப்படுத்தும். அடிபட்ட பன்றி தேயிலைக்குள் பதுங்கினால், காலையில் கொழுந்து பறிக்க வரும் பெண்கள் மேல்தான் பாயும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. 1959 ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கென்று குறிப்பிடுவதும் குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான், ரிவால்வரை அல்ல.

அந்தப் பணத்துக்கு, வனத்துறை அனுமதியோடு சோலார் வேலி போடுங்கள். பன்றி மூக்கால் நெம்பி நுழையும். அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக்கூடாது. மழைக்காலத்தில் ஈரப்புல் கம்பியில் சாய்ந்தால் ஷாக் செத்துப்போகும், வாரம் ஒருமுறை அரிவாளோடு சுற்றி வாருங்கள். வீட்டுக் கரண்டை மட்டும் வேலியில் கொடுத்துவிடாதீர்கள். யானையும் சாகும், ஆளும் சாவார்.