கட்டு, பூட்டு, தாழிடு: குறுக்கெழுத்தில் சிக்கவைக்கும் சொற்கள்

கேள்வி: ஞாயிறுதோறும் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறேன். கட்டுவது, பூட்டுவது, மாட்டுவது பற்றிய குறிப்பு வந்தால் மட்டும் நின்றுவிடுகிறேன். இந்த வாரம் ‘கதவின் உள்காவல்’, 5 கட்டம். குறுக்கே வந்த சொல்லால் மூன்றாவது கட்டத்தில் ‘ப்’ விழுந்திருக்கிறது. பூட்டு, சாவி, கொண்டி எதுவும் பொருந்தவில்லை. எப்படி யோசிப்பது?

பதில்: அந்த ‘ப்’ பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. தமிழ்ச் சொற்களில் க், ச், த், ப் நான்குக்கும் அடுத்து அவற்றின் வரிசை எழுத்தே வரும். ஆகவே நான்காவது கட்டம் ப, பா, பி, பு என்று ப வரிசையில் ஏதோ ஒன்று. ‘ப்’புக்கு முன்னால் ஒரு மெய் இருந்தால் அது ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். கடைசிக் கட்டத்தில் வல்லின மெய் நிற்காது. இப்போது கதவைப் பாருங்கள்: தா-ழ்-ப்-பா-ள். பேச்சில் ‘தாப்பா’ என்றே சொல்லிப் பழகிவிட்டதால் பலருக்கும் இது உடனே தோன்றுவதில்லை. பொருளைத் தேடி ஓடுவதற்கு முன் எழுத்தைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அடுத்து, குறிப்பின் வடிவம். ‘கட்டுதல்’ என்று கேட்டிருந்தால் விடையும் பெரும்பாலும் ‘தல்’ என்றே முடியும். கடைசி இரண்டு கட்டத்தில் த, ல் என்று பென்சிலால் போட்டுவையுங்கள். 5 கட்டம் என்றால் பிணைத்தல். 4 கட்டம் என்றால் யாத்தல். செய்யுள் இயற்றுவதற்கும் இதே சொல் என்பதால் புதிர் அமைப்பவர்களுக்குக் கைகொடுக்கும் சொல் இது. ‘கட்டிய’ என்று இருந்தால் பிணைத்த, யாத்த. ‘கட்ட உதவுவது’ என்றால் ஒரு பொருளைக் கேட்கிறார்கள்.

பொருளைக் கேட்டால், எதை எதோடு கட்டுகிறோம் என்று பாருங்கள். தேருக்கு வடம், கப்பலுக்கு நங்கூரம், கிணற்று வாளிக்குத் தாம்பு, கன்றுக்குத் தும்பு, நுகத்தில் மாட்டைப் பிணைக்கப் பூட்டாங்கயிறு. ‘கயிறு’ என்று பொதுவாக நினைத்தால் இவை எதுவுமே நினைவுக்கு வராது.

இந்தச் சொற்களில் பலவற்றுக்கு இரண்டு பொருள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ‘சேலைத் தலைப்பைப் பிடிக்கும், உற்சாகமும் கொடுக்கும் (3)’ என்றால் ஊக்கு. ‘கையில் பூட்டுவது, காட்டில் திரிவது (4)’ விலங்கு. ‘கைதிக்கும் வெண்பாவுக்கும் பொது (2)’ தளை. ‘கிழிசலை மூடும் மாதம் (1)’ தை. முளை, தறி, முடி, அடை ஆகியவையும் இந்தக் கூட்டம்தான். குறிப்பில் சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்கள் சேர்ந்து நின்றால் இந்தச் சொற்களை ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் பழமொழியும் குறளும். ‘வாலைப் பிடித்தவன் விட்டது (3)’ தும்பு. ‘கம்பன் வீட்டில் கவி பாடுவது (6)’ கட்டுத்தறி. ‘அன்புக்கு இல்லை என்கிறார் வள்ளுவர் (2)’ தாழ், 71ஆவது குறள். 667ஆவது குறளில் உருள்பெருந்தேருக்கு வரும் அச்சாணியும் (4) அடிக்கடி கேட்கத் தகுந்ததே.

‘திரும்பியிருக்கிறது’ என்று குறிப்பு சொன்னால் கட்டங்களைத்தான் திருப்ப வேண்டும், உயிர்மெய்யைப் பிரிக்கக் கூடாது. கொக்கி திரும்பினால் கி-க்-கொ. முதல் கட்டத்திலேயே ஒரு மெய் வந்து விழுந்தால் பதற வேண்டாம்: தமிழ்ச் சொல் எதுவும் மெய்யில் தொடங்காது என்பதால், அங்கே சொல் திரும்பியோ கலைந்தோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டு குறிப்பை மறுபடி படியுங்கள்.